பல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் வரலாறு: வாசகர் கேள்வி – பதில்

உணவு, உடல்நலம், மனிதப் பரிணாமம் ஆகியவை குறித்த கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, “நம் உடல் கற்காலத்தில் உருவானது; கற்கால மனிதன் உண்டதையே உண்டால் நோய் வராது” என்று எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின் பயிற்றுநர் சொல்கிறார். இறைச்சி, கொட்டைகள், காய்கறிகள் மட்டும் போதுமாம். தானியமும் பாலும் கூடாதாம். கற்கால மனிதன் உண்மையில் என்னதான் உண்டான்?

பதில்: இந்தக் கருத்துக்கு மருத்துவ உலகில் மதிப்புத் தேடித் தந்தவர்கள் போய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். 1985இல் ஒரு மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது: வேளாண்மை தோன்றி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளே ஆகின்றன, அதற்கு முன் பல லட்சம் ஆண்டுகள் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த உடலுக்கு இன்றைய உணவு அந்நியமானது. வாதத்தில் பாதி சரிதான். மீதிப் பாதி, “கற்காலம்” என்ற சொல்லை ஏதோ ஒரு வீட்டின் முகவரி போலக் கையாள்வதால் வரும் பிழை. கற்கருவிகளின் காலம் 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அந்தக் காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனித இனங்கள் பனிவெளியிலும் புல்வெளியிலும் கடற்கரையிலும் வாழ்ந்து மறைந்திருக்கின்றன. கற்கால மனிதன் என்ன உண்டான் என்று கேட்பது, மனிதர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்பதைப் போன்றது.

நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி பற்களில் இருக்கிறது. எலும்பு மக்கினாலும் பல்லின் எனாமல் எளிதில் அழிவதில்லை. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி மேலே செல்லும்போதும் உடலில் கனமான நைட்ரஜனின் விகிதம் சற்றுக் கூடும் என்பதால், புல் தின்னும் விலங்கையும் அதைத் தின்னும் விலங்கையும் பல்லை வைத்தே பிரித்தறிய முடியும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் கிடைத்த, 30 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஆஸ்ட்ரலோபித்தேகஸ் என்ற தொல்மூதாதை இனத்தைச் சேர்ந்த ஏழு உயிர்களின் எனாமலை இவ்வாறு அளந்தார்கள். 2025இல் வெளியான முடிவின்படி, அவற்றின் அளவுகள் தாவர உண்ணிகளை ஒத்திருந்தன; இறைச்சி அவற்றின் உணவில் பெரிய இடம் பெற்றதற்கான அடையாளம் இல்லை.

இனி மறுமுனைக்கு வருவோம். ஜெர்மனியின் நோய்மார்க்-நோர்ட் என்ற இடத்தில், 1,25,000 ஆண்டுகளுக்கு முன், நமக்கு நெருங்கிய உறவான, பின்னர் மறைந்துபோன நியாண்டர்தால் மனிதர்கள் குறைந்தது 172 பெரிய விலங்குகளின் எலும்புகளை ஓர் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, துண்டுதுண்டாக நொறுக்கி, நீரிலிட்டுச் சூடாக்கிக் கொழுப்பைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இதுவும் 2025இல் வெளியான ஆய்வுதான். கொழுப்புக்காக ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? கொழுப்பற்ற இறைச்சியை மட்டுமே தின்று மனிதன் நெடுநாள் வாழ முடியாது. ஓர் அளவுக்கு மேல் புரதத்தைக் கையாள நம் கல்லீரலுக்குத் திறனில்லை. வெறும் தசை போதும் என்று நினைப்பவர்கள் அந்த ஏரிக்கரையை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அதே நியாண்டர்தால்களின் பற்களில் கல்லாக இறுகிப்போன காரையைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. பல் மருத்துவரிடம் போகும்போது கூர்முனைக் கருவியால் அவர் பெயர்த்தெடுக்கிறாரே, அதே காரைதான். ஈராக்கின் ஷானிதார் குகையிலும் பெல்ஜியத்தின் ஸ்பை குகையிலும் கிடைத்த பற்களின் காரைக்குள் மாவுச்சத்துத் துகள்கள் அகப்பட்டிருந்தன. அவற்றில் சில, சமைத்ததால் சிதைந்த வடிவில் இருந்தன. தானியம் வேளாண்மைக்குப் பின் வந்தது என்ற கருத்தும் நிற்கவில்லை. ஜோர்டானில் 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. அங்கு வேளாண்மை தொடங்குவதற்கு ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே யாரோ காட்டுத் தானியத்தை இடித்து, பிசைந்து, சுட்டிருக்கிறார்கள். மொராக்கோவின் தாஃபொரால்ட் குகையில் 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைச் சமூகத்தினரின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. மாவுச்சத்து நிறைந்த காட்டுக் கொட்டைகளைத் தொடர்ந்து தின்றதன் விளைவு அது. ஆகவே, கற்கால உணவில் சொத்தைப் பல் வராது என்று உங்கள் பயிற்றுநர் அடுத்த வாரம் சொன்னால், தாஃபொரால்ட் என்று மட்டும் சொல்லுங்கள்.

அவருடைய பட்டியலில் உள்ள காய்கறிகளும் கொட்டைகளும் நல்லவையே. அவை நல்லவை என்பதற்குக் கற்காலத்தைச் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பி, சில நேரம் பேதியும் ஆகிறது. சிறு வயதில் இப்படி இல்லை. இது நோயா? மனிதன் பால் குடிக்கப் படைக்கப்பட்டவன் அல்லன் என்று படித்தேன்.

பதில்: இது நோயன்று. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சிறுகுடலில் உடைப்பது லாக்டேஸ் என்ற நொதி. பாலூட்டிகள் அனைத்துக்கும் குட்டிப் பருவத்தில் அது நிறையச் சுரக்கும். தாய்ப்பால் நின்றபின் படிப்படியாகக் குறையும். பூனைக்கும் அப்படித்தான், உலகில் வளர்ந்த மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கும் அப்படித்தான். உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குச் சென்றால், அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்கின்றன. வாயு உண்டாகிறது, குடலுக்குள் நீர் இழுக்கப்படுகிறது, நீங்கள் எழுதிய துன்பம் அனைத்தும் வருகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் நீங்கள்தான் பெரும்பான்மை. விதிவிலக்கு, வயது வந்தபின்னும் லாக்டேஸ் சுரக்கும் மீதி மூன்றில் ஒரு பங்கினர்.

அந்த விதிவிலக்கு எப்படி வந்தது என்பது அண்மைக்கால ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த கதை. நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம் இது: மனிதர்கள் மாடு வளர்த்தார்கள், பால் குடித்தார்கள், பாலைச் செரிக்க வல்லவர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாழ்ந்தார்கள், அவர்களுடைய மரபணு பரவியது. இந்த விளக்கத்தைச் சோதிக்க, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் உள்ளிட்ட பெருங்குழுவினர், ஐரோப்பாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 500க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்களிலிருந்து 13,000க்கும் அதிகமான பானை ஓடுகளைத் திரட்டினார்கள். சுடுமண் பானையின் சுவர் நுண்துளைகள் நிறைந்தது. காய்ச்சிய பாலின் கொழுப்பு அதற்குள் ஊறி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே தங்கியிருக்கும். ஓட்டின் ஒரு சிறு பகுதியைப் பொடித்து, அந்தக் கொழுப்பைக் கரைத்தெடுத்து, அது இறைச்சிக் கொழுப்பா பால் கொழுப்பா என்று கண்டுகொள்ளலாம். அந்த விவரத்தைப் பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்களோடு ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள்.

ஐரோப்பாவில் முதல் உழவர்கள் குடியேறிய காலம் முதலே, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளாக, பால் பரவலாகப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அதைச் செரிக்கும் மரபணு மாற்றம் முதலில் தென்படுவது கி.மு. 4700ஐ ஒட்டித்தான், அது பரவலானது கி.மு. 1000 அளவில். அதாவது, பாலைச் செரிக்க இயலாதவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பால் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்; அவர்களுக்குப் பெரிய கேடு எதுவும் நேரவில்லை. அப்படியானால் அந்த மரபணு ஏன் பரவியது? பஞ்சமும் தொற்றுநோயும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் இந்த ஆய்வாளர்கள். நலமாக இருப்பவனுக்குப் பேதி ஒரு தொந்தரவு. பட்டினியால் நலிந்தவனுக்கும் ஏற்கெனவே தொற்றால் நீரிழந்தவனுக்கும் அதுவே உயிருக்கு உலை. நல்ல ஆண்டுகளில் வித்தியாசமே தெரியாத ஒரு மரபணு, கெட்ட ஆண்டுகளில் யார் பிழைப்பது என்பதைத் தீர்மானித்திருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடம் இதே திறன் வேறு மரபணு மாற்றங்களால் தனியாகத் தோன்றியதும் 2007இலேயே தெரிந்துவிட்டது.

உங்களுக்கான பதில்: அளவைக் குறைத்துப் பாருங்கள். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பலர் ஒரு குவளைப் பாலை, உணவோடு சேர்த்துக் குடித்தால், தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்னரே உடைத்துவிடுகின்றன. நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியில் அது மிகக் குறைவு. மங்கோலியாவின் மேய்ப்பர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த மரபணு மாற்றம் கிடையாது. ஆயினும் பால்பொருள்களைப் புளிக்க வைத்தே அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். தொந்தரவு திடீரென்று தொடங்கியிருந்தாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ அது லாக்டோஸின் வேலை மட்டுமன்று, மருத்துவரைப் பாருங்கள். படைக்கப்பட்டவனா இல்லையா என்ற கேள்வியைப் பரிணாமத்திடம் கேட்பதில் பொருளில்லை. அதற்கு நோக்கம் கிடையாது.

கேள்வி: மாவுச்சத்தே மனிதனுக்குப் பகை என்கிறார்களே?

பதில்: நம் உமிழ்நீர் அப்படிச் சொல்லவில்லை. மாவுச்சத்தை வாயிலேயே உடைக்கத் தொடங்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, சிம்பன்சியிடம் பொதுவாக இரண்டு பிரதிகளே உள்ளது. மனிதர்களிடம் ஆளுக்கு ஆள் வேறுபட்டு, அதைவிட மிகுதியாகவும் இருக்கிறது. இந்தப் பெருக்கம் வேளாண்மையால் வந்தது என்றே முன்பு கருதப்பட்டது. 2024இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இந்தக் கதையை இரண்டாகப் பிரித்தன. முதல் இரட்டிப்பு 8 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே, நாமும் நியாண்டர்தால்களும் பிரிவதற்கு முன்னரே, நிகழ்ந்திருக்கலாம். பிரதிகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது கடந்த 12,000 ஆண்டுகளில், உழவுச் சமூகங்களில். மனிதனோடு வாழத் தொடங்கிய நாய்க்கும், ஓநாயைவிட அமைலேஸ் மரபணுப் பிரதிகள் அதிகம். நம் மிச்சத்தைத் தின்று அதுவும் மாறிவிட்டது.

கிழங்கில் உள்ள மாவுச்சத்தும், நார் முழுவதையும் நீக்கி அரைத்து, சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பொட்டலத்தில் அடைத்த மாவும் உடலுக்கு ஒன்றல்ல என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு 44 வயது. முப்பதைத் தாண்டியதும் உடலின் எரிக்கும் ஆற்றல் குறைவதால்தான் எடை கூடுகிறது என்று நினைத்து, ஓராண்டாக நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எடை இரண்டு கிலோதான் குறைந்தது. என் உடலில் என்ன கோளாறு?

பதில்: கோளாறு உங்கள் உடலில் இல்லை, நம் எல்லோருக்கும் சொல்லித்தரப்பட்ட கணக்கில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், உடல் ஒரு நாளில் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்பதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். பங்கேற்பவருக்கு ஒரு குவளை நீர் கொடுப்பார்கள். சுவையில் சாதாரண நீர்தான். ஆனால் அதில் கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கும். அவர் வீட்டுக்குப் போய் வழக்கம்போல் வாழலாம். இடையிடையே சிறுநீர் மாதிரி மட்டும் தர வேண்டும். கனமான ஹைட்ரஜன் உடலிலிருந்து நீராக மட்டுமே வெளியேறும்; கனமான ஆக்சிஜனோ நீராகவும், மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசமே அவர் வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவு. அதிலிருந்து எரித்த கலோரி தெரிந்துவிடும். முகமூடியும் இல்லை, ஓடுபொறியும் இல்லை.

இந்த முறையில் 29 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400க்கும் மேற்பட்டோரிடம் அளந்த விவரங்களை, ஹெர்மன் பொன்ட்சர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். உடலின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், ஒரு வயதுக் குழந்தை வளர்ந்தவரைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு வேகமாக எரிக்கிறது. பிறகு அது மெல்லக் குறைந்து 20 வயதில் நிலைபெறுகிறது. 20 முதல் 60 வரை, ஆணுக்கும் பெண்ணுக்கும், மாற்றமே இல்லை. 60க்குப் பின்தான், ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக, இறங்கத் தொடங்குகிறது. உங்கள் 44க்கும் உங்கள் 24க்கும் இந்த வகையில் வேறுபாடு கிடையாது. இதைப் படித்தபோது எனக்கும் சற்று ஏமாற்றம்தான். வயதின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

இனி நடைக்கு வருவோம். தான்சானியாவின் ஹாட்சா மக்கள் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்பவர்கள். நகரத்து மனிதர்கள் ஒரு வாரத்தில் செய்யும் உடலுழைப்பை அவர்கள் ஓரிரு நாளில் செய்துவிடுவார்கள். ஆனால் 2012இல் இதே முறையில் அளந்தபோது, உடல் அளவுக்கு ஈடாகப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் எரிக்கும் மொத்தக் கலோரி மேலை நாட்டு அலுவலக ஊழியரின் அளவோடு ஒத்தே இருந்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறு செலவுகளைச் சுருக்கி மொத்தத்தை ஒரு வரம்புக்குள் வைத்துக்கொள்ள முயல்கிறது என்பது பொன்ட்சர் தரும் விளக்கம். எவ்வளவு சுருக்குகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆயினும் 34 சமூகங்களைச் சேர்ந்த 4,000க்கும் மேற்பட்டோரை ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வும், உடற்பருமன் கூடுவதற்கு உழைப்புக் குறைவைவிட உணவே பெரிய காரணம் என்ற பக்கமே சாய்கிறது.

இதைப் படித்துவிட்டு நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். நடையால் வரும் நன்மை எடைக் கருவியில் தெரிவதில்லை; இதயத்திலும் இரத்தச் சர்க்கரையிலும் தூக்கத்திலும் தெரியும். எடை குறைய வேண்டுமென்றால் மட்டும், தட்டைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் தட்டில் எதைப் பார்ப்பது? கலோரி ஒன்றாக இருந்தால் எந்த உணவும் ஒன்றுதானே?

பதில்: கலோரி ஒன்றாக இருந்தால் என்பதில்தான் சிக்கல், ஏனென்றால் நாம் எவ்வளவு உண்கிறோம் என்பதை உணவின் வடிவமே மாற்றிவிடுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில், 20 பேர் நான்கு வாரங்கள் அங்கேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் எளிய முறையில் சமைத்த உணவு. முன்வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழச் சமம். வேண்டிய அளவு உண்ணலாம், மீதியை விட்டுவிடலாம். பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 0.9 கிலோ கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகவும் உண்டார்கள்: மென்மையான உணவு, “போதும்” என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேருமுன் உள்ளே இறங்கிவிடுகிறது. இருபது பேர், ஒரு மாதம் என்பது சிறிய சோதனைதான். ஆனால் ஒவ்வொரு கவளமும் எடை போடப்பட்ட சோதனை என்பதால், பல்லாயிரம் பேரிடம் வினாத்தாள் கொடுத்து நினைவிலிருந்து எழுதச் சொல்லும் ஆய்வுகளைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஞானப்பல் முளைக்க இடமில்லை, எடுக்க வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். தேவையில்லாத பல்லை இயற்கை ஏன் வைத்திருக்கிறது?

பதில்: பல்லைவிடத் தாடைதான் அதிகம் சிறுத்துவிட்டது அம்மா. கல்லால் நறுக்குவதும் இடிப்பதும் நம் வாயை எவ்வளவு மாற்றியது என்பதை அறிய, டேனியல் லீபர்மனும் கேத்தரின் சிங்கும் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்பவர்களின் முகத் தசைகளில் மின்முனைகளை ஒட்டி, பச்சை ஆட்டிறைச்சியை மெல்லக் கொடுத்தார்கள். எவ்வளவு மென்றாலும் அந்தத் துண்டு மெல்லும் பசை போல ஒரே துண்டாகவே வாயில் உருண்டது. நம் தட்டையான பற்களுக்கு அதை அறுக்கும் கூர்மை இல்லை. அதையே முன்கூட்டி மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தபோது எளிதில் விழுங்கும் பதத்துக்கு வந்தது. உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, கற்கருவியால் அதை நறுக்கி, கிழங்கையும் இடித்து உண்டால், மெல்லும் எண்ணிக்கை ஏறத்தாழ 17 விழுக்காடும், அதற்குத் தேவையான விசை 26 விழுக்காடும் குறையும் என்று 2016இல் கணக்கிட்டார்கள். நெருப்பு பரவலாகப் பழக்கத்துக்கு வருமுன்பே சிறிய பல்லும் சிறிய தாடையும் சாத்தியமானதற்கு இது ஒரு விளக்கம்.

ஆனால் உங்கள் மகளின் தாடையில் பரிணாமத்தைவிட வளர்ப்பின் பங்கு மிகுதியாக இருக்கக்கூடும். தாடை எலும்பு, வளரும் பருவத்தில் எவ்வளவு உழைக்கிறதோ அந்த அளவுக்கு வளரும். பற்களின் அளவோ பெரும்பாலும் மரபணுவிலேயே முடிவாகிவிடுகிறது. மென்மையான உணவு கொடுத்து வளர்த்த விலங்குகளின் முக எலும்புகள் சிறுத்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வேட்டைச் சமூகங்களின் கீழ்த்தாடை உழவுச் சமூகங்களின் தாடையைவிட நீளமாக இருப்பதை அருங்காட்சியக மண்டையோடுகளை அளந்து 2011இல் காட்டினார்கள். நீண்ட தாடையில் ஞானப்பல் எனும் மூன்றாம் கடைவாய்ப்பல் இடமின்றித் தவிக்கவில்லை. பத்தொன்பது வயதில் கடினமான உணவு கொடுத்து இனித் தாடையை வளர்க்க முடியாது என்பதால், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: நாய்க்கும் ஆட்டுக்கும் வைட்டமின் சி உணவில் தேவையில்லையாம். மனிதனுக்கு மட்டும் ஏன் தேவை? (பள்ளி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைத் தம் கல்லீரலிலேயே செய்துகொள்ளும். அதற்குத் தேவையான கடைசி நொதியின் மரபணு, குரங்குகளும் மனிதனும் அடங்கிய கிளையில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பழுதடைந்துவிட்டது. பழங்கள் தாராளமாகக் கிடைத்த காட்டில் அந்த இழப்பை எந்தக் குரங்கும் உணர்ந்திருக்காது. உணர்ந்தவர்கள், மாதக்கணக்கில் பழமே பாராத கப்பலோட்டிகள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசிந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர்தான் விரைவில் தேறினார்கள். பழுதான அந்த மரபணுவின் எச்சம் இன்றும் உன் செல்கள் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. கினிப் பன்றியிடமும் வௌவால் வகைகள் சிலவற்றிடமும் அதே மரபணு தனித்தனியே பழுதாகியிருக்கிறது என்பதை உன் ஆசிரியரிடம் சொல்லிப் பார்.

கேள்வி: நம் முன்னோர்களுக்கு மாரடைப்பே கிடையாது, அது நவீன வாழ்க்கையின் நோய் என்பது சரியா?

பதில்: பாதி சரி. எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்கு, அலூசியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களைச் சேர்ந்த 137 மம்மிகளைக் கணினிக் கதிர்ப்படம் எடுத்து 2013இல் வெளியிட்டார்கள்; 34 விழுக்காட்டினரின் தமனிகளில் அடைப்புக்கான சுண்ணாம்புப் படிவு உறுதியாகவோ பெரும்பாலும் உறுதியாகவோ தெரிந்தது. அலூசியன் தீவினர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். மறுபுறம், பொலிவியாவின் சிமானே மக்களில் 40 வயதைக் கடந்த 705 பேரைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், 85 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் படிவே இல்லை. அவர்கள் நாள் முழுவதும் உழைப்பவர்கள், பதப்படுத்தாத மாவுச்சத்தையே பெரும்பகுதியாக உண்பவர்கள்; அதே நேரத்தில் தொற்றுநோய்களால் பெரிதும் அவதிப்படுபவர்களும் அவர்களே. இதயத்தை மட்டும் அவர்களிடமிருந்து கடன் வாங்க முடியாது.

முன்னோர்கள் முப்பது வயதில் இறந்ததால்தான் மாரடைப்பு வரவில்லை என்று சிலர் எதிர்வாதம் செய்வார்கள். சராசரி ஆயுள் குறைவாக இருந்தது குழந்தைகள் பெருமளவில் இறந்ததால்தான். வேட்டைச் சமூகங்களில் பெரியவர்களாக வளர்ந்துவிட்டவர்கள் மிகுதியாக இறக்கும் வயது 72ஐ ஒட்டியது என்று 2007இல் வெளியான ஓர் ஒப்பாய்வு காட்டுகிறது.

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. கருவிலேயே குழந்தையின் சர்க்கரை நோய் முடிவாகிவிடுகிறது என்று படித்து அச்சமாக இருக்கிறது.

பதில்: முடிவாகிவிடுவதில்லை, சிறிது சாய்கிறது, அவ்வளவுதான். இந்தத் துறையின் துயரமான சான்று, 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் போரால் நேர்ந்த பஞ்சம். அப்போது கருவின் தொடக்கத்தில் இருந்தவர்களிடம், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின்மேல் உள்ள வேதிக் குறிகள் அவர்களுடைய உடன்பிறந்தவர்களிடமிருந்து வேறுபட்டிருந்தன. மரபணு மாறவில்லை, அது படிக்கப்படும் விதம் மாறியிருந்தது.

அண்மைச் சான்று இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் நீங்கியது. ஒருவர் உண்ணும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து சட்டென்று ஏறத்தாழ 80 கிராமாக உயர்ந்தது. ரேஷன் நீங்குவதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களை 2024இல் ஒப்பிட்டார்கள். கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தைக் கண்டவர்களுக்கு, நடுவயதில் இரண்டாம் வகை நீரிழிவின் ஆபத்து ஏறத்தாழ 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்தத்தின் ஆபத்து 20 விழுக்காடும் குறைந்திருந்தன. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த ரேஷன் அளவு பட்டினி அன்று என்பதுதான். இன்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் வரம்பை ஒட்டிய அளவு அது. மேலும், பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கே கருவறைக்குள் கிடைத்தது. மிகுதி, குழந்தை பிறந்து திட உணவு தொடங்கிய பிறகு. ஆகவே உங்கள் கையில் இன்னும் நிறையக் காலம் இருக்கிறது. இனிப்பான பானங்களைக் குறையுங்கள், மருத்துவர் சொல்லும் பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள், ஓர் இனிப்பை உண்டுவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடக்காதீர்கள்.

கேள்வி: மருத்துவம் வந்துவிட்டதால் மனிதப் பரிணாமம் நின்றுவிட்டதா?

பதில்: நிற்கவில்லை. அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலையில் சான் அன்டோனியோ டி லோஸ் கோப்ரெஸ் என்ற ஊரின் குடிநீரில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த மக்களிடம், ஆர்சனிக்கைக் கல்லீரலில் வேதிமாற்றம் செய்து சிறுநீரில் வெளியேற்றும் மரபணுவின் திறன் மிகுந்த வடிவம் மிகப் பரவலாக இருப்பதை 2015இல் கண்டறிந்தார்கள். நஞ்சைத் தாங்க மனித இனம் தகவமைந்ததற்குக் கிடைத்த தெளிவான சான்று இது. அந்த வடிவம் உள்ளவர்களுக்கும் ஆர்சனிக் நஞ்சுதான். மற்றவர்களைவிடச் சற்று விரைவாக அது வெளியேறுகிறது.